துடைக்காத தரை

மே 11, ஞாயிறு

காலை சர்க்கரை 212.

எழுதச் சொன்னது இவ்வளவுதான். தினமும் வெறும் வயிற்றில் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள் என்றார் மதுரை டாக்டர். பாத்திரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி உறைகூடப் பிரிக்காமல் பீரோவில் கிடந்தது. நாளுக்கு ஒரு முழுப் பக்கம். அதில் ஒரு எண்ணை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமனே விட எனக்கு மனசு வரவில்லை. பானையில் ஒட்டிய பருக்கையையும் வழித்துப் போடுகிறவள் நான்.

நோயாளி என் வீட்டுக்காரர் சோலையப்பன். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அத்தனை பொறுப்பு. இறங்கிவிட்டால் யார் பேச்சும் காதில் ஏறாது. பங்குனிப் பொங்கலுக்கு அக்னிச்சட்டி எடுத்தவர்களோடு உச்சி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தார். கூட வந்தவர்கள் கால் சுடுகிறது என்று நிழல் தேடி ஓட, இவர் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிதானமாக வந்தார். பக்தி என்று நினைத்து எனக்கு ஒரே பெருமை. சர்க்கரையால் பாதம் மரத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது என்பது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

கொப்புளம் வந்தது, உடைந்தது. நான் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தேன். அது மேலே ஆறுவது போல் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. வலது காலில் பெருவிரலுக்குக் கீழே, உருண்டையாக இருக்கும் இடத்தில், ஒரு பட்டாணி உட்காரும் அளவுக்குக் குழி.

"ஆஸ்பத்திரியில படுக்க வேண்டாம். வீட்ல வச்சே பாக்கலாம்" என்றார் டாக்டர். "வாரத்துக்கு ஒரு நாள் எங்க நர்ஸ் வருவாங்க. புண்ணுக்குன்னே தனியாப் படிச்சவங்க. மத்த நாள் நீங்கதாம்மா கட்டு மாத்தணும்."

மருந்து வாங்க என்னைக் கீழே அனுப்பினார்கள். நான் திரும்பி வந்தபோது இவர் மடியில் ஒரு கறுப்புச் செருப்பு. அடிப்பாகம் கனமாக, பெருவிரலுக்குக் கீழே மட்டும் பள்ளம் வைத்தது. புண் தரையில் அழுந்தக் கூடாதாம்.

"இத போட்டுத்தான் நடக்கணுமாம்" என்றார்.

"சரி, போட்டே நடங்க" என்றேன்.

மே 17, சனி

சர்க்கரை 198.

நர்ஸ் வந்தாள். ஜமீலா என்று பேர். அருப்புக்கோட்டைக்காரி, முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை. கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினாள். அதோடு விட்டாளா? வாசல் குழாயில் காலையும் கழுவி, மிதியடியில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

என் வீட்டுத் தரை வெள்ளை டைல்ஸ். குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்பு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம், கல்யாணமான நாளிலிருந்து. சொரசொரவென்று பெயர்ந்துபோன சிமெண்ட் தரை, அதுவும் இன்னொருத்தருடையது. அந்த ஓனரம்மா கதையை எழுத இந்தப் பக்கம் காணாது. இந்த வீட்டில் கேட்டைத் தாண்டிச் செருப்பு வரக்கூடாது என்பது சட்டம். சிலிண்டர் கொண்டுவரும் பையனும் கழற்றிவிட்டுத்தான் வருவான். மாப்பிள்ளைக்கும் அதே சட்டம்தான். காலை ஆறே முக்காலுக்குள் வீடு முழுக்க ஒரு தடவை துடைத்துவிடுவேன். முகம் பார்க்கலாம்.

ஜமீலா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் பச்சைத் துணியை விரித்து, "காலைக் குடுங்கப்பா" என்றாள். இவர் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார்.

"பொம்பளப்புள்ள மடியில காலை வைக்கச் சொல்லுதியேம்மா."

"நீங்க டூட்டிக்குப் போனா ஸ்டியரிங்கத் தொடாம இருப்பீங்களா? இதுதான் என் ஸ்டியரிங், குடுங்க."

கொடுத்துவிட்டார். என்னிடம் நாற்பது வருஷமாக ஒரு வாதத்திலும் தோற்காத மனிதர்.

பழைய கட்டைப் பிரித்ததும் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வாடை மாறினால் புண் உள்ளே கெடுகிறது என்று அர்த்தமாம். பிறகு உப்புத் தண்ணீரால் கழுவி, ஓரத்தில் காய்த்துப்போன தோலைச் சின்னக் கத்தியால் வெங்காயத் தொலி மாதிரி மெலிசாகச் சீவினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். வலியே இல்லை. அதுதான் இந்தக் காலின் வியாதி.

அளந்தாள், போட்டோ எடுத்து மதுரைக்கு அனுப்பினாள், ஸ்பாஞ்சு மாதிரி ஒன்றை வைத்துக் கட்டினாள். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. குப்பையையும் தனிப் பையில் கட்டிக் கையோடு எடுத்துக்கொண்டாள். நான் இத்தனை சுத்தமாக ஒரு மீன்கூட ஆய்ந்ததில்லை.

மே 20

சர்க்கரை 190. இன்று முதல்முறை நானே கட்டு மாற்றினேன். முடித்துவிட்டுப் போய் வாந்தி எடுத்தேன். கட்டு நேராக இருந்தது.

மே 24, சனி

என் கட்டைப் பார்த்து, "நீங்க போட்டதா? நான் வேற நர்ஸ் யாரும் வந்தாங்களோன்னு நெனச்சேன்" என்றாள் ஜமீலா. சும்மா சொல்கிறாள் என்று தெரிந்தும் நாள் முழுக்க எனக்குச் சிரிப்பாணியாக இருந்தது.

இவர் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. லீவு நாள் சிறப்பு வகுப்புக்கு வேனை வேறு ஒருத்தர் ஓட்டுகிறார். காலையில் வேன் நம் தெருவைத் தாண்டும் நேரத்துக்கு ஜன்னலில் போய் நின்று, "கியர மாத்துறான் பாரு, உரல் இடிக்கிற மாதிரி" என்று திட்டுவதோடு சரி. மற்றபடி கட்டில், பாத்ரூம், டிவி, சாப்பாட்டு மேஜை, சாமி அலமாரி. செருப்பு கேட்டுக்கு வெளியே அழகாக ஜோடி சேர்த்து வைத்திருக்கிறது.

ஒரே ஒரு எரிச்சல். காலையில் எழுந்து பார்த்தால் தரையில் அங்கங்கே பழுப்பாகப் பொட்டுப் பொட்டாக டீக் கறை. டம்ளரை நேராகப் பிடிக்கத் தெரியாத மனிதர். வெள்ளைத் தரையில் எது விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். துடைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

சர்க்கரை 154. இவ்வளவு குறைந்திருக்கிறதே, புண்ணும் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். ஜமீலா அளந்து பார்த்தாள், அதே அளவுதான். போன வாரம் சீவிய இடத்தில் மறுபடி காய்த்திருக்கிறது. மறுபடி சீவினாள்.

ஜூன் 14, சனி

இன்று எனக்குக் கோபம்.

"ஓரத்துல திரும்பத் திரும்பக் காய்ப்புக் கட்டுதும்மா. அழுத்தம் விழாம இது வராது. அப்பா எங்கயாவது நடக்காங்களா?" என்று கேட்டாள்.

"வாசப்படி தாண்டலம்மா. சத்தியமா. வேணும்னா தெருவுல கேட்டுப் பாரு."

"இல்லம்மா, நான் தப்பா…"

"கடைக்குக்கூட நான்தான் போறேன். இந்த மனுசனக் கட்டிப்போடாத குறையா வச்சிருக்கேன்."

இவர் டிவியை விட்டுக் கண்ணைத் திருப்பவில்லை. எனக்குத் துணைக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாதா? விளம்பரத்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜமீலா கத்தியை எடுத்தாள். சீவினாள், கட்டினாள். நான் போட்ட டீயைக் குடித்தாள். கோபத்தில் சர்க்கரை கூடப் போட்டுவிட்டேன், அதையும் குடித்தாள். போகும்போது கேட்டருகே செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். விடை தெரியாமல் அவளால் தூங்க முடியாது போல. அப்படிப்பட்டவளிடம் கோபப்பட்டது எனக்கே பிறகு கஷ்டமாகிவிட்டது.

ஜூன் 22

சர்க்கரை 149. டீயை இனி டம்ளரில் பாதிதான் தருவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 30

பாதி டீயிலும் கறை விழுகிறது.

துடைக்கும்போது சிவப்பாக ஒரு கோடு கூடவே வந்தது. பதறிப்போய்ப் பார்த்தால் இவர் கால் இல்லை, என் கால்தான். நேற்று உடைந்த பாட்டிலின் கண்ணாடிச் சில்லு குதிகாலில் ஏறியிருக்கிறது. எப்போது ஏறியதோ. பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி துடைத்தேன். வேலை செய்கிற உடம்புக்கு இதெல்லாம் உறைக்காது.

ஜூலை 12, சனி

நேற்று இவருக்குக் குளிர் காய்ச்சல். பாதம் கணுக்கால் வரை சிவந்து வீங்கிவிட்டது. ஜமீலாவுக்குப் போன் செய்தேன். சாத்தூரில் ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள் முடித்த கையோடு வந்துவிட்டாள். காலைத் தொட்டுப் பார்த்தவள் முகத்தில் சிரிப்பில்லை. "இது வீட்ல வைக்கிற நேரம் இல்லம்மா. கிளம்புங்க" என்று அவளே மதுரைக்குப் பேசி, கார் வரும்வரை இருந்து, ஏற்றிவிட்டாள். எப்போது வீட்டில் வைத்துப் பார்க்கலாம், எப்போது கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதும் ஒரு படிப்புதான்.

மதுரையில் சக்கர நாற்காலியில் வைத்தே கொண்டுபோய் ஊசி ஏற்றினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள்.

ஜூலை 17

மதுரையிலிருந்து வந்துவிட்டோம். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எலும்பு இன்னும் கெடல. அது நல்ல செய்தி. ஆனா இனிமே ரொம்ப நாள் பாக்க முடியாது. மூணு வாரத்துல புண்ணு சுருங்கலைன்னா பெருவிரலையும் அதுக்கு மேல உள்ள எலும்பையும் எடுத்துறணும். இல்லைன்னா பாதம் போகும்."

வலது கால். பிரேக் மிதிக்கிற கால்.

வீட்டுக்கு வந்ததும் இவர் வேன் சாவியை எடுத்து ஒரு துணியால் துடைத்து, பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடு என்று என் கையில் தந்தார். நான் வாங்கவில்லை. அதைச் சாமி அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். முருகா, இந்த மனுஷன் என்ன பாவம் செய்தார் என்று கேட்டேன்.

ஜூலை 26, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஜமீலா எப்போதும் பதினொரு மணிக்கு வருவாள். இன்று காலை ஆறரைக்கே ஸ்கூட்டர் சத்தம். சிவகாசியில் ஒரு பெரிய புண்ணாம், போனால் நாள் முழுக்க ஆகும், அதனால் முதலில் இங்கே வந்துவிட்டாளாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து பினாயில் ஊற்றியபடி நிற்கிறேன், தரை அப்படியே கிடக்கிறது. துடைக்காத வீட்டுக்குள் நான் யாரையும் விட்டதில்லை.

"ஒரு அஞ்சு நிமிசம் வாசல்லயே இரும்மா, ஓடித் தொடச்சிட்டு வந்துறேன்" என்றேன்.

"நம்ம வீடுதானம்மா" என்று காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

வந்தவள் இரண்டு அடி வைத்து நின்றுவிட்டாள். அவள் பார்வை தரையில். எனக்கு மானம் போனது.

"அது டீக் கறைம்மா. இவருக்கு டம்ளர் பிடிக்கத் தெரியாது. தெனமும் இதே ரோதனை."

ஜமீலா குனிந்தாள். பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து ஒரு பொட்டை ஒற்றினாள். கட்டைப் பிரிக்கும்போது செய்வது போலவே மூக்கருகே கொண்டுபோனாள்.

"டீ இல்லம்மா" என்றாள்.

பிறகு அவள் செய்ததை உயிர் இருக்கிறவரை மறக்கமாட்டேன். முழங்காலில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொட்டாகத் தொட்டுக்கொண்டே தவழ்ந்து போனாள். கட்டிலடியில் தொடங்கி பாத்ரூம் வரை. பாத்ரூமிலிருந்து ஜன்னல் வரை. ஜன்னலடியில் நாலைந்து ஒரே இடத்தில். அங்கிருந்து சாப்பாட்டு மேஜை, சாமி அலமாரி, திரும்பக் கட்டில். எல்லாம் ஒரே அளவு, ஒரு ரூபாய்க் காசு அளவு. எல்லாம் வலது கால் விழும் இடத்தில். கட்டை மீறிக் கசிந்த நீர். இரவும் விடியற்காலையும் இவர் நடந்த நடை முழுக்க என் வெள்ளைத் தரையில் எழுதியிருந்தது. இரண்டு மாதமாக ஜமீலா வருவதற்குள் அதை நான் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறேன்.

எழுந்து வெளியே போனாள். கேட்டுக்கு வெளியே இருந்த கறுப்புச் செருப்பை எடுத்துத் திருப்பினாள். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூட உரியவில்லை.

நான் எதையோ எதிர்பார்த்து நின்றேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நானும் வாராவாரம் இதுக்குப் பக்கத்துலதானம்மா என் செருப்பக் கழட்டுனேன். எனக்குத் தோணவே இல்ல பாருங்க. எங்க வீட்லயும் செருப்பு வெளியதான். செருப்புன்னா வெளிய போறதுக்குன்னே மனசுல ஊறிக் கெடக்கு. மொத நாளே நான் கேட்டிருக்கணும்" என்றாள்.

படித்தவள், தன் தப்பை என் தப்போடு சேர்த்துக் கட்டிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுகையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இவர்மேல்தான். "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு? வீட்டுக்குள்ளயும் போடணும்னு சொன்னாரா இல்லையா?"

கட்டிலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "சொன்னாரு. கக்கூஸ் போனாலும் போட்டுட்டுத்தான் போகணும்னு அன்னைக்கே சொன்னாரு."

"சொன்னாரா! அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"லைன் வீட்ல அந்த ஓனரம்மா செவத்தப் பாக்கணும், ஓட்டப் பாக்கணும்னு செருப்போட உள்ள வருவால்ல. நீ தொடச்ச ஈரம் காயாது. அவ போனதும் நீ அழுதுக்கிட்டே மறுபடி தொடைப்ப. நான் டூட்டிக்குக் கிளம்பிக்கிட்டே பாத்துட்டுப் போவேன். ஒண்ணும் கேக்க முடியாது. வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போக?" கட்டுப் போட்ட காலைத் தடவினார். "இந்தத் தரைல நானே செருப்போட நடக்குறதா? மனசு வரல அமராவதி. நாலு அடிதான, என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன். வலிக்கவும் இல்ல."

காலே போகட்டும் என்று இருந்திருக்கிறார், நான் முகம் சுளிக்கக்கூடாது என்று. இப்படிப்பட்ட முட்டாளை நான் பார்த்ததில்லை. இப்படி ஒருத்தர் எனக்குக் கிடைப்பார் என்று நினைத்ததும் இல்லை.

"அவளும் நீங்களும் ஒண்ணா?" என்று கத்தினேன். "ஒண்ணா?"

செருப்பை ஜமீலா கையிலிருந்து பிடுங்கினேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டேன். பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, என் துண்டாலேயே துடைத்தேன். இவர் முன்னால் உட்கார்ந்து, வலது காலில் மாட்டிப் பட்டையை இழுத்து ஒட்டினேன். "எந்திரிங்க. ஜன்னல் வரைக்கும் நடங்க. நான் பாக்கணும்."

நடந்தார். டப் டப் என்று சத்தம். ஜமீலா அவர் பின்னாலேயே தவழ்ந்து தரையைப் பார்த்தாள். பொட்டு விழவில்லை.

வாளித் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றப் போனேன். பினாயில் என்று நினைவு வந்து சாக்கடையில் கொட்டினேன்.

ஜூலை 27

இன்று தரை துடைக்கவில்லை. ஜமீலா சொல்லியிருக்கிறாள், இனி துடைப்பதற்கு முன்பு தினமும் பொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று. பார்த்தேன். இல்லை. இருந்தாலும் துடைக்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

சர்க்கரை 138.

சாமி அலமாரிப் பக்கம் போகும்போது மட்டும் இவர் செருப்பைக் கழற்றப் பார்க்கிறார். ஜமீலாவிடம் கேட்டேன். "அது உங்க வீடும்மா, உங்க சாமி. அதுல நான் சொல்ல என்ன இருக்கு? கால் மட்டும்தான் என் பொறுப்பு" என்றாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது. எனக்கு அது இந்த வயதிலும் வரவில்லை.

நானே ஒரு முடிவு எடுத்தேன். முருகன் படத்தை அலமாரியிலிருந்து இறக்கி, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிடலாம். கும்பிடுகிறவர் எழுந்து வர முடியாதபோது முருகன் கொஞ்சம் நகர்ந்து வந்தால் குறைந்துபோய்விட மாட்டான். வேன் சாவியையும் அதே ஆணியில் தொங்கவிட்டேன்.

புண்ணை அளந்தாள். கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஓரத்தில் காய்ப்பு இல்லை. போட்டோ போன கொஞ்ச நேரத்தில் டாக்டரே போன் செய்தார். "என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார். ஜமீலா என்னைப் பார்த்துக்கொண்டே, "அம்மா வீட்டுச் சட்டத்த மாத்திட்டாங்க சார்" என்றாள்.

ஆகஸ்ட் 8

மதுரை போனோம். டாக்டர் விரலை எடுக்கும் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த மாதம் வரச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் இவர் டிரைவரைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்ட் 16, சனி

தரையில் கறுப்பாகக் கோடு விழுகிறது, ரப்பர் தேய்ந்த கோடு. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து மேஜைக்கு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். ஜமீலா புண்ணைச் சுற்றிச் சுத்தம் செய்வது போல, நானும் அதைச் சுற்றித் துடைத்துவிட்டுக் கோட்டை விட்டுவிடுகிறேன். காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பது பிடித்திருக்கிறது.

புண் இப்போது சிவப்பாக, மாதுளை முத்து மாதிரி. "இப்படித்தாம்மா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஜமீலா டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். அவளாகக் கேட்டது இதுதான் முதல்முறை.

ஆகஸ்ட் 30, சனி

இவருக்குக் கட்டி முடித்ததும், "அம்மா, உங்க காலையும் ஒரு தடவை பாத்துருவோமா?" என்றாள். எனக்கும் சர்க்கரை மாத்திரை உண்டு என்று இவர்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டாள். தொடும்போது சொல்ல வேண்டுமாம். "தெரியுதா?" என்பாள். தெரியுது என்பேன். சில இடத்தில் தொட்டாளா இல்லையா என்றே விளங்கவில்லை. எதற்கு வம்பு, எல்லாவற்றுக்கும் தெரியுது என்று சொல்லிவிட்டேன். அடுப்பில் பருப்பு இருந்தது. இந்த வீட்டுக்கு ஒரு கால் போதாதா?

ஜமீலா நூலைப் பெட்டிக்குள் வைத்தாள். இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

சர்க்கரை 127. புண் மிளகு அளவு.

அக்டோபர் 4, சனி

மூடிவிட்டது.

ஜமீலா கட்டைப் பிரித்து, முகர்ந்து, கழுவி, வெளிச்சத்தில் காட்டினாள். பிறந்த குழந்தையின் தோல் மாதிரி மெலிசாக, ரோஜா நிறத்தில். "தொடுங்கம்மா" என்றாள். நான் தொடவில்லை. இவர்தான் குனிந்து தொட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உடனே ஆட்டம் போடக் கூடாதாம். புதுத் தோல் மேலே மூடியிருக்கிறதே தவிர உள்ளே இன்னும் பலம் வரவில்லை. வேன் ஓட்டுவது டாக்டர் பார்த்த பிறகு. செருப்பு மட்டும் வீட்டுக்குள்ளும் ஆயுசுக்கும். இவரிடம் அதைச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள்.

அக்டோபர் 18, சனி

நாளை மறுநாள் தீபாவளி. முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் உள்ளிருந்தே குரல் கொடுத்தேன், "செருப்பு போட்டுட்டே வாம்மா ஜமீலா." அவள் சிரித்துக்கொண்டு, எப்போதும் போல் கழற்றி, குழாயில் காலைக் கழுவிவிட்டுத்தான் வந்தாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி.

டாக்டர் நேற்று சரி என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் திறந்ததும் இவர் வேனுக்குப் போகிறார். ஆணியில் தொங்கிய சாவி இவர் சட்டைப் பையில் இருக்கிறது, எனக்கு மாவு பிசைந்து கொடுத்தபோதுகூட எடுக்கவில்லை.

ஜமீலா பெட்டியைப் பிரித்தாள். உள்ளே செருப்பு, பழுப்பு நிறம், பொம்பளைச் செருப்பு. மெத்தென்று, அடி கனமாக.

"யாருக்கு?"

"அப்பாதான் போன் பண்ணி வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

நான் இவரைப் பார்த்தேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார், "அன்னைக்கு நூல வச்சுத் தொட்டாளே, நாலஞ்சு தடவை தொடாமயே தெரியுதான்னு கேட்டா. நீ தெரியுதுன்ன."

"செய்தி பாத்துட்டிருந்தீங்கன்னு நெனச்சேன்."

"செய்தியும் பாத்தேன்."

ஜமீலா என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் அட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை மாதமாக இவளுக்குத் தெரியும். அவசரப்படுத்தவில்லை. இவர் காலைப் பார்த்து நானே கற்றுக்கொள்ளட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். கோபப்படத்தான் நினைத்தேன், வரவில்லை.

"என் அளவு ஒனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"அப்பாதான் அளந்து சொன்னாங்க."

"நான் தூங்கும்போதா அளந்தீங்க?"

"தரையிலதான்" என்றார் இவர். "நீ தொடச்சிட்டு ஈரத்துல நடந்து போவல்ல. காயறதுக்குள்ள ஒரு தடத்த ஸ்கேல் வச்சு அளந்தேன். குதிகால்கிட்ட ஒரு வெட்டுத் தடம் தெரிஞ்சுது. அதையும் இவகிட்ட சொல்லிட்டேன்."

எண்ணெயில் முறுக்கு கருகும் வாடை வந்தது. நான் நகரவில்லை. ஜமீலாதான் போய் அடுப்பை அணைத்தாள். வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் பச்சைத் துணியை விரித்து, "காலைக் குடுங்கம்மா" என்றாள்.

இவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலை சர்க்கரை: இவருக்கு 124.

எனக்கு 236.

எழுந்து தரையில் காலை வைக்கப் போனேன். இவர் குனிந்து செருப்பை எடுத்து என் முன்னால் ஜோடியாக வைத்தார். போட்டுக்கொண்டேன். டீ போடப் போனேன்.